அருவிக்குப் போகும் வழியில்...

வெள்ளிக்கிழமை காலை நிகழ்ச்சியில், "இந்த வாரக் கடைசியில் எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டால் வரும் பதில்களில் பாதி, பேரங்காடி. மீதியில் பெரும்பகுதி, அருவி. "காலையிலேயே போய் இடம் பிடிச்சிடுவோம், கோழி சுடுவோம், குளிப்போம், சாயங்காலம் வந்திடுவோம்" என்பார்கள். நல்ல விஷயம்தான். நான்கு சுவருக்குள் குளிர்சாதனக் காற்றில் ஞாயிற்றுக்கிழமையைத் தொலைப்பதைவிட நூறு மடங்கு மேல்.

ஆனால் நம்மில் பெரும்பாலோர் அருவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறோம். அந்த அருவிக்குப் போகும் வழியில் நிற்கும் மரத்தின் பெயர் தெரியாது. பக்கத்தில் இருக்கும் ஏரி ஏன் அவ்வளவு பச்சையாக, அவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று கேட்பதில்லை. அருவி, பழைய சுரங்கம், காட்டு மரம் ஆகிய மூன்றும் நம் நாட்டில் ஒரே கதையின் மூன்று அத்தியாயங்கள். கோலாலம்பூரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்துக்குள் மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம். இந்த வாரம் அந்த நடையைப் பற்றித்தான்.

ஒரே கல், இரண்டு வரம்

தீபகற்பத்தின் முதுகெலும்பு போல வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது தித்திவாங்சா மலைத்தொடர். அதன் பெரும்பகுதி கருங்கல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் உருகிய பாறைக் குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகியதால் உண்டான கல் அது. அப்படிக் குளிரும்போது அதன் ஓரங்களிலும் வெடிப்புகளிலும் ஈயத்தாது தங்கிக்கொண்டது.

பிறகு மழை தன் வேலையைத் தொடங்கியது. கல்லை அரித்தது, மணலாக்கியது, ஓடைகள் அந்த மணலைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டு வந்தன. சாதாரண மணல் தண்ணீரைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம். ஈயத்தாது ஏறத்தாழ ஏழு மடங்கு. ஆகவே ஓடையின் வேகம் எங்கே குறைகிறதோ அங்கே ஈயம் முதலில் படிந்தது, மணல் இன்னும் கொஞ்சம் தூரம் போனது. அக்காலத்தில் பெண்கள் டூலாங் எனும் மரத்தட்டில் ஓடை மணலை அள்ளிச் சுழற்றி ஈயத்தைப் பிரித்தார்களே, அதுவும் இதே கணக்குதான். இயற்கை கோடி ஆண்டுகளில் செய்ததை அவர்கள் சில நிமிடங்களில் செய்தார்கள்.

மேலே, கடினமான கல்லை ஓடை தாண்டிக் குதிக்கும் இடம் அருவி. கீழே, அதே ஓடை களைத்துப்போய்ப் படுக்கும் இடம் ஈய லம்பம். மலையோரத்து ஊர்களில் அருவியும் பழைய சுரங்கமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதன் காரணம் இதுதான்.

இதை என் அண்ணன் பிள்ளைகளுக்கு விளக்கியபோது பதினொரு வயதுக்காரன் கேட்டான்: "அப்போ இந்த ஓடையிலயும் ஈயம் இருக்குமா அத்தை?" எட்டு வயதுக்காரி அதற்குள் கையை விட்டு மணலை அள்ளத் தொடங்கிவிட்டாள். என் அப்பா பாறையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். அவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். எண்பதுகளில் மூடப்பட்ட லம்பங்களிலிருந்து மணல் ஏற்றியவர். "நாம இருக்கிற வீட்டுச் சுவர்ல பாதி லம்பத்து மணல்தான்மா" என்றார். கிள்ளான் பள்ளத்தாக்கில் கட்டிய எத்தனையோ வீடுகளுக்கு அந்தப் பேச்சு பொருந்தும்.

காஞ்சிங்: ஏழு அடுக்கும் ஒரு மரமும்

ரவாங் போகும் பழைய சாலையில், டெம்ப்ளர் பூங்காவைத் தாண்டினால் காஞ்சிங் அருவி. ஏழு அடுக்கு. கீழ் அடுக்குகளுக்குப் படிக்கட்டு உண்டு, பாட்டி தாத்தாவும் வரலாம். மேலே போகப் போகப் பாதை செங்குத்தாகும், வேர்களைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். குரங்குகள் அதிகம். கையில் பிளாஸ்டிக் பை இருந்தாலே அதில் சோறு இருக்கிறது என்று அவை முடிவு கட்டிவிடும். உணவை முதுகுப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள்.

இந்தக் காஞ்சிங்குக்கு ஒரு பழைய முகம் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கோலாலம்பூர் சேற்றுக் கரையில் ஒரு சிறு குடியிருப்பாக இருந்தபோதே, காஞ்சிங் பெயர்பெற்ற ஈயச் சுரங்க ஊர். சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் இங்கே திரண்டிருந்தார்கள். 1867-இல் தொடங்கி 1873 வரை நடந்த சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் இந்தச் சுரங்கங்களும் சிக்கின. இன்று குடும்பங்கள் பாய் விரித்துச் சோறு உண்ணும் இந்த வட்டாரத்துக்காக மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள்.

இன்னொரு முகம் அதைவிட அரியது. 'கியாம் காஞ்சிங்' என்றொரு மரம். உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதாக அறியப்படாத மரம், இந்தக் காஞ்சிங் வனக் காப்பகத்தில் மட்டும் இருக்கிறது. அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில், அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் வரிசையில் அதற்கு இடம். ஆப்பிரிக்கக் காண்டாமிருகத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரியும், பாண்டாவைப் பற்றித் தெரியும். நம் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் ஒரு மரம் அவற்றைவிட அரியது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

நமக்குத் தெரிந்த மரங்கள்

ஒரு சின்னப் பரீட்சை. மலேசியத் தமிழர்களான நமக்குத் தெரிந்த மரங்களைச் சொல்லுங்கள். ரப்பர். அது பிரேசிலிலிருந்து வந்தது. லண்டன் கியூ தோட்டம் வழியாக 1877-இல் சிங்கப்பூர் வந்து, அங்கிருந்து கோலகங்சாருக்குப் போனது. செம்பனை. அது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோல சிலாங்கூர் வட்டாரத்தில் உருவானது. அதன் பெயரைக் கவனியுங்கள்: தென்னமரம் தோட்டம். சாலையோரத்தில் குடை விரிக்கும் தூங்குமூஞ்சி மரமோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது.

ஆக, நம் பாட்டன் பூட்டன் வியர்வை சிந்தி வளர்த்த மரங்களெல்லாம் நம்மைப் போலவே கடல் கடந்து வந்தவை. இந்த மண்ணிலேயே பிறந்த மரங்களோடு நமக்குப் பழக்கம் ஏற்படவே இல்லை. தோட்டத்துக்குப் பின்னால் இருந்த இருண்ட இடம்தான் காடு. புலி வரும், பேய் இருக்கும், பிள்ளைகள் போகக்கூடாது. அப்பாவைக் கேட்டால் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார்.

ஆனால் அந்த இருண்ட இடத்தில் நமக்கு மிக நெருங்கிய ஒரு சொந்தம் நிற்கிறது. அதன் பெயர் காப்பூர்.

கற்பூரம் வந்த மரம்

காப்பூர் என்ற மலாய்ச் சொல்லும் நம் கற்பூரம் என்ற சொல்லும் உறவு. தற்செயல் அல்ல. காப்பூர் மரத்தின் தண்டுக்குள், வெடிப்புகளில், வெள்ளைப் படிகமாகக் கற்பூரம் விளையும். எல்லா மரத்திலும் இருக்காது. வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் ஒரு காலத்தில் அதற்குப் பொன்னுக்கு ஈடான மதிப்பு. இன்று கடையில் வில்லையாகக் கிடைக்கும் சூடம் அது அல்ல, அது ஆலையில் தயாராவது. சீனா, ஜப்பான் கற்பூர மரம் வேறு குடும்பம். பழைய காலத்தின் உயர்ந்த கற்பூரம் சுமத்ரா, போர்னியோ, மலாயாக் காடுகளின் இந்த மரத்திலிருந்து வந்தது.

சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்ற துறைமுகம் அந்த வணிகத்துக்குப் புகழ்பெற்றது. மலாயில் 'காப்பூர் பாரூஸ்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்தப் பாரூஸுக்கு அருகில், லோபு துவா என்ற இடத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஆண்டு 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற தமிழ் வணிகக் குழு வெட்டிவைத்தது. சோழர் காலத்தில் நம்மவர் கடல் தாண்டி, கற்பூரத் துறைமுகத்தில் கூடி, கல்லில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆக, நம் முன்னோரின் பெட்டியில் கற்பூரம் இந்தப் பக்கத்துக் காடுகளிலிருந்து போனது. நாம் ரப்பர் வெட்ட வருவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த மரம் நமக்குத் தெரிந்த மரம்.

காப்பூர் இலை ஒன்றைக் கீழேயிருந்து எடுத்துக் கசக்கி மோந்து பாருங்கள். கற்பூரமும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல ஒரு வாடை வரும். எட்டு வயதுக்காரி மோந்துவிட்டு, "சாமி ரூம் வாசனை" என்றாள். நான் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தாலும் அவள் மனதில் அது அப்படி ஒட்டியிருக்காது.

வானொலிக்காரி என்பதால் இன்னொரு மரத்தையும் சொல்லியாக வேண்டும். தாபான். இதன் பால் உறைந்தால் 'கட்டாப் பெர்ச்சா' என்ற பொருள் கிடைக்கும். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், உப்புத் தண்ணீரில் கெடாது, மின்சாரத்தை வெளியே விடாது. கடலடியில் தந்திக் கம்பி போட நினைத்த ஐரோப்பியர்களுக்கு வேறெதுவும் இவ்வளவு பொருந்தவில்லை. 1858-இல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் போட்ட முதல் கம்பியின் மேலுறை இந்தப் பால்தான். கண்டம் விட்டுக் கண்டம் செய்தி தாவியது நம் காட்டு மரத்தின் தயவால். ஆனால் பாலை எடுக்க மரத்தையே வெட்டினார்கள். ஒரு மரத்துக்குக் கிடைத்ததோ கொஞ்சம். சிங்கப்பூரில் 1850-கள் முடிவதற்குள்ளாகவே தாபான் ஏறக்குறையத் தீர்ந்துபோனது. இலையைத் திருப்பினால் அடிப்புறம் செம்புப் பொன்னிறமாக மின்னும். அந்த அடையாளத்தை வைத்துக் காட்டில் தேடுங்கள்.

வெட்டிப்போட்ட மண்ணில் எழுந்த காடு

காஞ்சிங்கிலிருந்து தெற்கே வந்தால் கெப்போங். அங்கே மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம், நமக்குப் பழக்கமான பெயரில் ஃபிரிம். சிலர் அதைச் சைக்கிள் ஓட்டும் பூங்கா என்றே நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் உயரமான காட்டைப் பார்ப்பவர்கள், இது ஆதியிலிருந்தே இருக்கும் கன்னிக் காடு என்று நம்பி விடுகிறார்கள்.

அங்கேதான் ஆச்சரியம். 1920-களில் அது பாழ்நிலம். கைவிட்ட ஈய லம்பங்கள், காய்கறித் தோட்டங்கள், புதர். 1926-இல் வன ஆராய்ச்சி அதிகாரி ஃபாக்ஸ்வர்த்தி இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். லம்பம் வேலை செய்த நிலத்தில் மேல்மண் இருக்காது. சத்தெல்லாம் கழுவிப் போய் மணலும் வழுவழுப்பான களிமண்ணும்தான் மிஞ்சும். அதிலே காட்டு மரக்கன்றை வைத்தால் வெயில் கருக்கிவிடும். மெராந்தி, கெருயிங், காப்பூர் போன்றவற்றின் கன்றுகள் நிழலில் வளர்ந்து பழகியவை. அவற்றின் விதைகளையும் நெல் விதை போலப் பத்திரப்படுத்தி வைக்க முடியாது. விழுந்த சில வாரங்களில் முளைத்தாக வேண்டும், இல்லையென்றால் செத்துப்போகும். அந்த மரங்களோ ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூக்கும், சேர்ந்து காய்க்கும். அந்த நேரத்துக்குக் காத்திருந்து, விதை பொறுக்கி, நாற்று வளர்த்து, நட்டார்கள்.

அன்று நட்டவை இன்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். மனிதன் பாழாக்கிய நிலத்தை மனிதனே காடாக மாற்ற முடியும் என்பதற்கு உலகிலேயே மிகச் சிறந்த சான்றுகளுள் ஒன்று. 2012-இல் தேசிய மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது.

அங்கே போனால் காப்பூர் மரங்கள் நிற்கும் இடத்தைக் கேட்டுப் போங்கள். தரையில் படுத்து மேலே பாருங்கள். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொடாது. நடுவில் வானம் வாய்க்கால் போல வளைந்து வளைந்து ஓடும். மரங்களின் கூச்சம் என்பார்கள். காற்றில் உரசி நுனி உடைவதால் இப்படியாகிறது என்று ஒரு கருத்து. ஆனால் இதே கழகத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் பிரான்சிஸ் இங், 1970-களில் காப்பூர் மரங்களை ஆராய்ந்தபோது உரசலின் தடயம் தெரியவில்லை. பக்கத்து இலையை நெருங்கும்போது வெளிச்சம் குறைவதை உணர்ந்தே நுனி வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது என்றார்.

அடுக்குமாடி வீட்டில் அண்டை வீட்டாரோடு கார் நிறுத்தத்துக்குச் சண்டை போடும் நாம், அந்த மரத்தடியில் ஐந்து நிமிடம் படுத்திருப்பது நல்லது.

பூமிக்குள் போனவர்கள்

மறுபடியும் ரவாங் பக்கம் வருவோம். 1894-இல் ரவாங்கில் ஓர் ஈயச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க மின்சார இயந்திரம் வைத்தார்கள். மலாயாவில் மின்சாரம் புகுந்த முதல் இடங்களுள் அதுவே மூத்தது. வைத்தவர்கள் இருவர். ஒருவர் லோக் இயூ. மற்றவர் தம்புசாமி பிள்ளை. ஆம், 1873-இல் கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தைத் தோற்றுவித்த அதே தம்புசாமி பிள்ளை. தைப்பூசத்தன்று அவர் பெயரைச் சொல்கிறோம். நம் வீட்டில் விளக்கு எரியும் கதையின் முதல் பக்கத்திலும் ஒரு தமிழர் இருக்கிறார் என்பதைச் சொல்வதில்லை.

ரவாங்கிலிருந்து மேற்கே பத்து ஆராங். பெயரே நிலக்கரிக் கல். 1915-இல் மலாயன் கொலியரிஸ் நிறுவனம் இங்கே நிலக்கரி எடுக்கத் தொடங்கியது. மலாயாவின் ரயில்களும் மின்நிலையங்களும் ஈயச் சுரங்கங்களும் அந்தக் கரியில் ஓடின. பூமிக்கடியிலும் திறந்த குழிகளிலும் சீனர்களும் இந்தியர்களும் வேலை செய்தார்கள். 1937-இல் கூலிக்காகவும் நியாயத்துக்காகவும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்திச் சுரங்கத்தையே தங்கள் வசம் எடுத்துக்கொண்டார்கள். காவல் படை வந்து அடக்கியது. எண்ணெய் மலிவாகி, கரி விலைபோகாமல் 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று செங்கற் புகைபோக்கிகள் கொடி படர்ந்து நிற்கின்றன. பழைய குழிகள் ஏரிகளாகிவிட்டன. ஒரு பெரிய தொழிற்பேட்டை இருந்த இடம் கம்பம் போல அமைதியாக இருக்கிறது.

ஈயத்தின் கதை இன்னும் கொஞ்ச காலம் நீடித்தது. உலகில் ஈயம் அதிகம் எடுத்த நாடு என்று பள்ளிக்கூடத்தில் நாம் படித்தோமே, 1985 அக்டோபரில் விலை ஒரே இடியாக விழுந்தது. அனைத்துலக ஈய மன்றம் விலையைத் தாங்கிப் பிடிக்க ஈயத்தை வாங்கிக் குவித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் கையில் பணம் இல்லாமல் போனது. லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. மிஞ்சிய குட்டைகளில் சில பூங்காக்களாயின. தித்திவாங்சா ஏரியில் காலையில் நடப்பவர்கள் பழைய லம்பத்தைச் சுற்றித்தான் நடக்கிறார்கள்.

பெயர் தெரியாததற்காக யாரும் பேசமாட்டார்கள்

இதெல்லாம் பொது அறிவுக்கு நல்லது, எனக்கென்ன என்று கேட்கலாம். சொல்கிறேன்.

ரவாங் நெரிசலுக்குப் பயந்து நீங்கள் மாற்றுவழிச் சாலையில் போயிருப்பீர்கள். 2017 நவம்பரில் திறந்தது. அதில் ஒரு நீண்ட பகுதி தூண்களின் மேல், மரங்களுக்கு மேலே, ஏறத்தாழ 58 மீட்டர் உயரத்தில் போகிறது. கீழே இருப்பது காஞ்சிங் காடு. தரையோடு சாலை போட்டிருந்தால் செலவு குறைந்திருக்கும், காட்டை இரண்டாகப் பிளந்திருக்கும். கியாம் காஞ்சிங் போன்ற மரங்கள் அங்கே இருந்ததும், அவை அங்கே இருப்பது சிலருக்குத் தெரிந்திருந்ததும்தான் சாலை மேலே எழும்பியதற்கான முக்கியக் காரணங்கள். பெயர் தெரிந்த ஒரு மரம் ஒரு நெடுஞ்சாலையைத் தூக்கி நிறுத்தியது என்றே சொல்லலாம்.

இன்னொன்று. சிலாங்கூரில் ஒரு வனக் காப்பகத்தை நீக்க வேண்டுமென்றால் முதலில் பத்திரிகையில் அறிவிப்புப் போட்டு மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். 2020 பிப்ரவரியில் கோல லங்காட் வடக்குக் காப்பகத்துக்கு அப்படி ஓர் அறிவிப்பு வந்தது. பல்லாயிரம் ஆட்சேபங்கள் குவிந்தன. அதையும் மீறி ஒரு பகுதியை நீக்கினார்கள். செய்தி 2021 ஆகஸ்டு இறுதியில் வெளிவந்ததும் கொந்தளிப்பு. செப்டம்பரிலேயே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். எழுதியவர்களில் ஒராங் அஸ்லி மக்கள், மாணவர்கள், காட்டில் நடந்து பழகியவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

நாளை நம் வட்டாரத்துக் காட்டுக்கு அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், நம் வீட்டிலிருந்து ஒரு கடிதம் போகுமா? பேரங்காடியை மட்டும் தெரிந்த பிள்ளை எதை எழுதுவான்? அங்கே கற்பூர மரம் இருக்கிறது, என் தங்கை அதன் இலையை மோந்து பார்த்தாள் என்று சொல்லத் தெரிந்தவன்தான் எழுதுவான். பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

புறப்படுமுன்

காடு அழகு, ஆனால் விளையாட்டு அல்ல. சில விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, 'கெப்பாலா ஆயேர்' எனும் திடீர் நீர்ப்பெருக்கு. நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மலையுச்சியில் கொட்டிய மழை சில நிமிடங்களில் சுவர் போல இறங்கி வரும். 2021 ஆகஸ்டில் குனோங் ஜெராய் அடிவாரத்திலும், 2022 ஜூலையில் பாலிங்கிலும் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்கினால், இலையும் குச்சியும் திரளாக மிதந்து வந்தால், மேலேயிருந்து இரைச்சல் கேட்டால், எதையும் எடுக்காதீர்கள். செருப்பு, பாய், கோழி எதுவும் வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையேறுங்கள். ஓடையோடு கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். மலைப்பக்கம் கறுத்திருந்தால் அன்றைக்குக் குளியலே வேண்டாம். பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை பிடிக்கும், ஆகவே காலையிலேயே போய் மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள்.

இரண்டாவது, பழைய லம்பக் குட்டைகள். பார்க்க அமைதியாக இருக்கும். கரையிலிருந்து ஓரடி வைத்தால் அடுத்த அடிக்குத் தரை இருக்காது. ஓரத்தில் இருக்கும் களிமண் காலைப் பிடித்துக்கொள்ளும். நீச்சல் தெரிந்தவரும் தப்புவது கடினம். அங்கே குளிப்பதே கூடாது. பத்து ஆராங் போன்ற இடங்களில் தரைக்குக் கீழே பழைய சுரங்கப் பாதைகள் உண்டு. பதிந்த தடத்தை விட்டு விலகாதீர்கள், குகை போல் தெரியும் எதற்குள்ளும் நுழையாதீர்கள்.

மூன்றாவது, எலிக் காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக, காலில் இருக்கும் சிராய்ப்பு வழியாகவும் பரவும். மீந்த சோற்றைப் போட்டுவிட்டு வந்தால் எலி வரும், எலி வந்தால் நோய் வரும், அடுத்த வாரம் குளிக்க வரும் பிள்ளைக்கு அது போகும். குப்பையைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்வது வெறும் அழகுக்காக அல்ல. அருவிக்குப் போய்வந்த சில நாள்கள் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், மருத்துவரிடம் "அருவியில் குளித்தோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி சிகிச்சையை மாற்றும்.

நான்காவது, அனுமதி. நிரந்தர வனக் காப்பகங்களில் சில மலைப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் தேவை. மாவட்ட வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். காட்டுக்குள் கைப்பேசிக்கு இணைப்பு கிடைக்காமல் போகலாம். கிடைத்தால் அவசர எண் 999.

மற்றபடி பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். பிடிமானமுள்ள காலணி, தண்ணீர், மழைச் சட்டை, அட்டைக்கு நீண்ட காலுறை. கூடவே, பிள்ளைக்கு ஒரு சின்ன நோட்டுப் புத்தகம்.

அந்த நோட்டுக்கு ஒரே வேலைதான். ஒரு நடைக்கு ஒரு மரம். பெயர், இலை எப்படி, பட்டை எப்படி, வாடை எப்படி. முதல் தடவை ஃபிரிமுக்கே போங்கள். அங்கே நடைபாதைகளுக்கே கெருயிங், எங்காபாங் என்று மரப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். மெர்பாவு கண்ணில் பட்டால் அதையும் எழுதச் சொல்லுங்கள். 2019 முதல் அது நம் தேசிய மரம். செம்பருத்தி தேசிய மலர் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், மெர்பாவுவை எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டு இறக்கை வைத்த காய் கீழே கிடந்தால் மேலே எறிந்து பார்க்கச் சொல்லுங்கள். பூப்பந்து போலச் சுழன்று இறங்கும். எடுத்துக்கொண்டு வரவேண்டாம், அது அங்கேயே முளைக்க வேண்டியது.

ஓர் ஆண்டில் பன்னிரண்டு நடை, பன்னிரண்டு பெயர். அவ்வளவு பெயர் தெரிந்த ஒரு தமிழ்ப் பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருந்தால், அடுத்த முறை பத்திரிகையில் அந்த அறிவிப்பு வரும்போது நாமும் பதில் எழுதுவோம்.